மீதியில் பிறந்த ஆசனங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் நான். வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் பிள்ளைகள் அதை ஒரு மூலையில் சிறிதாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஆனால் 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அந்த மூலை மீதிதான் தீர்மானித்தது.

முடிவு வெளியான மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தார். “மாஸ்டர், திசைகாட்டிச் சின்னத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்துகூட விழவில்லை. ஆறில் மூன்று ஆசனத்தை எப்படிக் கொடுத்தார்கள்? ஏதோ விளையாட்டு நடந்திருக்கிறது” என்றார். விளையாட்டு ஒன்றும் நடக்கவில்லை, சட்டப்படிதான் நடந்திருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. பேத்தியின் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துவந்து, விறாந்தையில் இருவரும் கணக்குப் போட்டோம்.

முதலில், மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் சும்மா கிடைக்கும். போனஸ் ஆசனம் என்கிறோமே, அதுதான். திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்திக்கு ஏறத்தாழ 80,800 வாக்குகள்; போனஸ் அங்கே போயிற்று. எஞ்சிய ஆசனங்கள் ஐந்து. 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்றவர்களைக் கழித்துவிட்டு, மிச்ச வாக்குகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48,000 வாக்குகள். அந்த விலையை முழுதாகக் கொடுக்கக்கூடியவர்கள் இருவர் மட்டுமே: திசைகாட்டியும், 63,300 அளவில் பெற்ற வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சியும். ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவற்றை மீதி பெரிதாக உள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும். திசைகாட்டியின் மீதி 32,700 சொச்சம். சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரசும் ஊசிச் சின்னத்துச் சுயேச்சைக் குழுவும் தலைக்கு 28,000க்குச் சற்றுக் குறைவு. வீட்டின் மீதியோ வெறும் 15,000. ஆகவே திசைகாட்டிக்கு மூன்று, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. 63,000 பெற்றவருக்கும் ஒன்றுதான், 28,000 பெற்றவருக்கும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சங்குக்கு எவ்வளவு?” என்று கேட்டார். 22,500 அளவில். சங்குச் சின்னத்தில், ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியில், நின்றவர்களில் சிலர் 2020இல் வீட்டுச் சின்னத்தில் நின்றவர்கள். இரண்டையும் கூட்டி மறுபடி கணக்குப் போட்டோம். கூட்டினால் 85,800, போனஸ் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. முடிவு: வீடும் சங்கும் சேர்ந்த அணிக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்றுமில்லை. ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை. கடுதாசியில் ஒரு கூட்டல் குறி போட்டதுதான் நாங்கள் செய்தது. அரசியல் கூட்டல் கணக்கு அல்ல என்பதும் உண்மை: இருவர் சேர்ந்தால் இருவரையும் வெறுத்து விலகுகிறவர்களும் இருப்பார்கள். திசைகாட்டிக்கு விழுந்த வாக்குகளை நம்மவர்களின் பிளவு கொடுத்ததாகச் சொல்வதும் அந்த வாக்காளரை அவமதிப்பது. நான் சொல்வது விதியின் குணத்தைப் பற்றி. போனஸ் ஆசனம் பிரிந்து நிற்பவனைத் தண்டிக்கிறது. மீதிக் கணக்கோ பிரிந்து நிற்பவனுக்குப் பரிசு தருகிறது. ஒரே சட்டம் ஒரு கையால் குட்டி மறு கையால் தடவிக்கொடுக்கிறது. அந்தத் தேர்தலில் நாற்பதுக்கு மேற்பட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் இங்கே நின்றது ஏன் என்று கேட்பவர்கள் இந்த மீதியை ஒருமுறை பார்க்க வேண்டும். 28,000 பேரை உரக்கப் பேசிக் கவர்ந்தால் போதும் என்றால், மற்ற மூன்று லட்சம் பேரிடம் நயமாகப் பேச எவர் மெனக்கெடுவார்?

இன்னொரு மீதியும் உண்டு. மேசைவிரிப்புப் போன்ற அந்த வாக்குச்சீட்டில், நிராகரிக்கப்பட்டவை மட்டும் 30,000க்கு மேல். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஒரு கட்சியாக இருந்திருந்தால் அதற்கும் ஓர் ஆசனம் கிடைத்திருக்கும்.

விருப்பு வாக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கட்சிக்குப் புள்ளடி போட்டபின் அதன் பட்டியலில் மூன்று வேட்பாளர்களின் இலக்கங்களுக்குப் போடலாம். அதனால் வேட்பாளருக்கு முதல் எதிரி அவருடைய சொந்தப் பட்டியலில் இருப்பவர்தான். இரவில் ஒட்டிய சுவரொட்டியை விடியுமுன் கிழித்துவிட்டுப் போகும் கை பெரும்பாலும் அதே சின்னத்துக்காரருடையது.

இதையெல்லாம் கேட்டால் என் வயதுக்காரர்கள் உடனே பழைய தொகுதி முறையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர். யாரிடம் போய்க் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். 1952இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தையே காங்கேசன்துறை தோற்கடித்தது. அவ்வளவு கூர்மை அந்த முறைக்கு இருந்தது. ஆனால் அதே முறை நாடு முழுவதற்கும் என்ன செய்தது? 1956இல் பண்டாரநாயக்காவின் கூட்டணி 40 வீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளுடன் 95 தொகுதி ஆசனங்களில் 51ஐப் பிடித்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 28 வீதம் இருந்தும் கிடைத்தவை எட்டு. தமிழரசுக் கட்சி 5 வீதத்துக்குச் சற்று மேல் பெற்றுப் பத்து ஆசனங்களை எடுத்தது. நாமும் அந்த முறையால் ஆதாயம் பெற்றவர்கள்தாம். இதை இங்கே எவரும் அதிகம் பேசுவதில்லை. தெற்கின் பெரும்பாலான தொகுதிகளில் வெல்வதற்குத் தமிழ் வாக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. வடக்கில் வெல்லச் சிங்கள வாக்கு தேவைப்படவில்லை. தேவைப்படாதவனை மேடையில் திட்டுவதற்குச் செலவும் இல்லை. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைத் தேர்தல் முறை பெற்றெடுக்கவில்லை. ஆனால் 40 வீதத்தாரின் விருப்பத்தை நாட்டின் கட்டளையாக ஊதிப் பெருப்பித்தது அந்த முறைதான்.

1970 இன்னும் மோசம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 வீதம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 36.9 வீதம். ஆசனங்களோ 17க்கு 91! சுதந்திரக் கட்சி இடதுசாரிகளுடன் தொகுதிகளைப் பங்கிட்டு நின்றதால் வந்த பலன் அது. கூட்டணிக்கு மொத்தம் 116 ஆசனம், மூன்றில் இரண்டுக்கு மேல். அந்தப் பலத்தில்தான் 1972 அரசியலமைப்பு வந்தது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுக் காப்பு போயிற்று. 1978இல் விகிதாசார முறை வந்தபோது, முதலில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாதவர்களுக்கு ஆசனமில்லை என்றிருந்தது. 1988இல் அதை 5 வீதமாகக் குறைத்தார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் முறையைப் பார்த்தால் எனக்கு ஆதங்கம்தான் வருகிறது. 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம் என்று சட்டம் 1978இலிருந்தே சொல்கிறது. மற்றவருடைய ஆதரவாளரின் இரண்டாம் தெரிவு எனக்கும் வேண்டும் என்று ஒரு வேட்பாளர் நினைத்தால் வாய் சற்று அடங்கும், ஏற்பாட்டின் அழகு அது. 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக இரண்டாவது சுற்று எண்ண வேண்டி வந்தது. முதல் இருவர் தவிர்ந்த மற்றவர்களுக்கு விழுந்தவை 33 லட்சம் வாக்குகள். அவற்றில் அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 2,73,000 அளவில். பத்தில் ஒன்றுகூட இல்லை. நமக்குப் புள்ளடிதான் பழக்கம். நான் வாக்குச்சாவடிப் பணியில் இருந்த காலத்தில் ஓர் ஆச்சி கேட்டார்: “தம்பி, இரண்டு என்று எழுதினால் நான் போட்ட ஆளுக்குத் துரோகம் அல்லவா?” துரோகம் இல்லை என்று விளக்கினால் அது அறிவுரையாகிவிடுமோ என்று தயங்கினேன், வாக்குச்சாவடிக்குள் யாருக்குப் போடுவது என்று அலுவலர் அறிவுரை சொல்லக்கூடாது. ஆச்சி ஒரு புள்ளடியோடு போய்விட்டார்.

இப்போது எல்லோரும் கலப்பு முறை என்கிறார்கள். உள்ளூராட்சி சபைகளில் 2018இலிருந்து அதுதான்: 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு வந்தது நல்ல காரியம். கூடவே, எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகளும் வந்தன. யாழ்ப்பாண மாநகர சபையில் வரவுசெலவுத் திட்டம் தோற்று முதல்வர் பதவி கைமாறியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முறையைக் குறை சொல்ல நான் தயங்குகிறேன். பகிர்ந்து ஆளத் தெரியாதவர்களிடம் பகிர்வு முறையைக் கொடுத்தால் முதலில் அடிபிடிதான் நடக்கும்.

மாகாண சபைக்கும் ஒரு கலப்பு முறை என்று 2017இல் சட்டத்தை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்குத் தொகுதி இல்லை. வட மாகாண சபைக்கு நாம் வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21இல். அன்று என் பேத்தி தரம் இரண்டு. வாக்குச்சாவடிக்காகப் பாடசாலையை எடுத்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு நாள் லீவு கிடைத்த மகிழ்ச்சி. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அவள் முதல் வாக்கைப் போட்டுவிட்டு, மை பூசிய விரலோடு வந்து கேட்டாள்: “தாத்தா, மாகாண சபைக்கு எப்போது?” சீ.ஆர். கொப்பியைத் தேடினேன். கணக்குப் போட அதில் எண் எதுவும் இல்லை.