சவ்வைப் பற்றும் வால்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழில் வானொலி கேட்கும் எல்லோருக்கும் என் அன்பு.

2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. அதிலிருந்து பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்பவே நம் வீடுகளில் யோசிக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. இந்த வகை நோய்களை உண்டாக்கும் அமீபாக்களில் அகாந்தமீபாவும் ஒன்று. மண்ணிலும் நன்னீரிலும் வாழ்வது. கருவிழியைப் புண்ணாக்கவும் செய்யும். ஆனால், ஒரு செல் தன் உடலை எப்படி நகர்த்துகிறது என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நம் தசையில் மையோசின் என்ற புரதம் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு தலை, நீண்ட வால். வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கற்றையாகிவிடும். தலைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழைகளைப் பிடித்து இழுக்கும். 1973-ல் தாமஸ் போலார்டும் எட்வர்ட் கோர்னும் அகாந்தமீபாவிலிருந்து வேறொரு மையோசினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஒரே தலை, குட்டை வால். கற்றையாகச் சேராது. தலை, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்து ஆக்டின் மேல் நடக்கும், சரி. வால் எதைப் பிடித்துக்கொள்ளும்? எதையும் பிடிக்காமல் நடந்தால் இழுப்பதற்கு ஒன்றுமில்லையே.

விடை 1989-ல் வந்தது. ஆடம்ஸும் போலார்டும், அந்த வால் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளையே நேரடியாகப் பற்றுகிறது என்று காட்டினார்கள். நடுவில் வேறு புரதம் தேவைப்படவில்லை. செல் சவ்வின் உட்புறத்தில் எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புகள் நிறைய உண்டு. வாலிலோ லைசின், அர்ஜினைன் போன்ற நேர்மின் அமினோ அமிலங்கள் குவிந்திருக்கின்றன. இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. பந்தல் போடுபவர் ஒரு கையில் துணியின் ஓரத்தைப் பிடித்தபடியே மூங்கிலில் நகர்வதைப் போல, வாலில் சவ்வும் தலையில் ஆக்டினுமாக இந்த மையோசின் வேலை செய்கிறது.

பிறகு, நம் செல்களில் உள்ள மையோ1சி என்ற உறவுக்காரப் புரதத்தை ஆராய்ந்தபோது இன்னும் நுட்பமான செய்தி கிடைத்தது. அதன் வால் பிஐபி2 என்ற அரிய கொழுப்பைத் தேடிப் பிடிக்கிறது. வெளியிலிருந்து சமிக்ஞை வந்து செல் அந்தக் கொழுப்பைச் சிதைத்தால் பிடி தளர்ந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விடாத பிடியாக இருந்தால் செல் ஒரே வடிவத்தில் இறுகிப்போயிருக்கும்.

சவ்வை முன்னால் உந்துவது முக்கியமாக ஆக்டின் இழைகளின் வளர்ச்சிதான். அந்த இழைகளோடு சவ்வை இணைத்து வைப்பது ஒற்றைத்தலை மையோசின். 1989-லேயே டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவில் பார்த்தார்கள்: ஊர்ந்துபோகும்போது ஒற்றைத்தலை மையோசின் முன்விளிம்பில், போலிக்கால் நீளும் பக்கம் இருந்தது, இரட்டைத்தலை மையோசின் பின்பக்கம். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1987-ல், இதே அமீபாவின் இரட்டைத்தலை மையோசின் மரபணுவைக் குலைத்திருந்தார்கள். செல் சரியாக இரண்டாகப் பிரியத் தடுமாறியது, ஆனாலும் ஊர்ந்தது! நகர்வுக்குத் தசையில் இருப்பது போன்ற மையோசின் ஒன்றே காரணம் என்ற நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. நம் பாடங்கள் இன்னமும் தசையோடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தமுண்டு. ஆசிரியர்கள் இதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் இது அமீபாவின் சங்கதி மட்டுமல்ல. மனிதரிடம் இந்த ஒற்றைத்தலை மையோசின்களுக்கு எட்டு மரபணுக்கள் உள்ளன. சிறுகுடலின் உள்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் ஆக்டின் கற்றையை, அதைச் சுற்றியுள்ள சவ்வோடு பிணைப்பது மையோ1ஏ. உட்காதின் உணர்செல்களில், தொடர்ந்து வரும் தூண்டலுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையில் மையோ1சிக்குப் பங்குண்டு. நீங்கள் இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் அது அங்கே சவ்வைப் பற்றியபடிதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.