ஓடுகிற விரலும் தாண்டுகிற விரலும்: தடகள கேம்களில் ஏன் இத்தனை ஃபவுல்?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்து விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன். "பல போட்டிகள் சேர்ந்த ஒரு தடகள கேம் விளையாடுகிறேன். 100 மீட்டர் ஓட்டம் ஓரளவு வருகிறது. நீளம் தாண்டுதலில் மூன்று வாய்ப்பும் ஃபவுல். சம்மட்டி எறிதலில் குண்டு வலையிலேயே போய் விழுகிறது. ஒரு போட்டியின் கன்ட்ரோல் கைக்கு வருவதற்குள் அடுத்த போட்டி வந்துவிடுகிறது, அதற்கு வேறு கன்ட்ரோல். கட்டைவிரலும் வலிக்கிறது. கோளாறு என் கையிலா, கேமிலா?"

உங்கள் கையில் கோளாறு இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வகை கேமை விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் தனக்கு வேகம் பத்தவில்லை என்று நினைத்துத்தான் போகிறார்கள். நீளம் தாண்டுதலில் தாண்டும் பலகைக்கு அப்பால் கால் பட்டு ஃபவுல் ஆவதற்கு வேகக் குறைவு காரணமே இல்லை. வேகமாக அழுத்திக்கொண்டிருக்கும் அதே கையை, அடுத்த நொடியே ஒரே ஒரு முறை துல்லியமாக அழுத்தச் சொல்கிறது கேம். சிக்கல் அங்கேதான்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். 1983-இல் கோனாமி நிறுவனம் 'ட்ராக் அண்ட் ஃபீல்ட்' என்ற ஆர்கேட் கேமை, அதாவது காசு போட்டு ஆடும் பெட்டி கேமைக் கொண்டுவந்தது. ஜப்பானில் அதன் பெயர் 'ஹைப்பர் ஒலிம்பிக்'. ஓடுவதற்கு இரண்டு பட்டன்கள், தாண்டவும் எறியவும் ஒரு பட்டன், அவ்வளவுதான். 100 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி, 110 மீட்டர் தடை ஓட்டம், சம்மட்டி, உயரம் தாண்டுதல் என்று ஆறு போட்டிகளையும் அந்த மூன்று பட்டனை வைத்தே ஆட வேண்டும். எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு வேகமாக ஓடுவான். சிலர் விரலை விட்டுவிட்டு ஸ்கேலையும் பென்சிலையும் வைத்து பட்டனைத் தட்டினார்கள். அதே ஆண்டு அட்டாரி 2600 என்ற வீட்டு கன்சோலுக்கு டேவிட் கிரேன் உருவாக்கிய டெக்கத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்த தடகளம்) கேமில் பட்டனுக்குப் பதிலாக ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். அதில் உடைந்த ஜாய்ஸ்டிக்குகள் கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் டெக்கத்லான் வீரர் டேலி தாம்சன் பெயரில் வந்த டெக்கத்லானும் அதே வழியில்தான் போனது. அன்று பிடித்த பழக்கத்தை இந்த வகை கேம்கள் இன்னும் முழுதாக விடவில்லை.

ஆனால் அந்த ஆர்கேட் பெட்டியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பட்டன்கள் ஒரு பலகையில் தள்ளித்தள்ளி இருந்தன, இரண்டு கையையும் பயன்படுத்த இடம் இருந்தது. கன்ட்ரோலரை இரண்டு உள்ளங்கையிலும் பிடித்தால் அந்த இடம் போய்விடுகிறது. ஓடுகிற பட்டனும் தாண்டுகிற பட்டனும் ஒரே கட்டைவிரலுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வேகமாகத் தட்டும்போது முழங்கைக்குக் கீழே உள்ள தசை முழுவதும் இறுகி நிற்கும். நீங்களே தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். அப்படி இறுகிய கையால் நிதானமாக ஒரு அழுத்து அழுத்துவது யாருக்கும் கஷ்டம்தான்.

அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கன்ட்ரோலரை மடியிலோ மேசையிலோ படுக்க வையுங்கள். ஓடுகிற பட்டன் ஒன்று என்றாலும் இரண்டு என்றாலும், வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தட்டட்டும். தாண்டுகிற வேலையை கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் இடது பக்கத் தோள் பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். கேமில் அப்படி மாற்ற வழி இல்லாவிட்டாலும் இப்போதுள்ள கன்சோல்களின் செட்டிங்ஸிலேயே பட்டன்களை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இடது கை எந்த அவசரமும் இல்லாமல் தாண்டும் பலகைக்காகக் காத்திருக்கும். இந்த ஒரு மாற்றத்தில் எனக்கு ஃபவுல் பாதிக்கு மேல் குறைந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் டிவியாக இருக்கலாம். இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம். நீளம் தாண்டுதலில் கால் வைத்து எழும்பும் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். நல்ல வீரர் நொடிக்கு சுமார் 10 மீட்டர் வேகத்தில் அதை நோக்கி வருகிறார். கேம் நொடிக்கு 60 படங்கள் காட்டுகிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். கேம் நிஜ அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால், பலகை என்பது கிட்டத்தட்ட ஒரே ஒரு படம்தான். இப்போது டிவி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் காட்டுகிறது என்று வையுங்கள். திரையில் அவர் பலகைக்கு ஒரு மீட்டர் முன்னால் தெரியும்போது, கேமின் கணக்கில் ஏற்கனவே பலகையில் இருக்கிறார். கண்ணால் பார்த்து அழுத்தினால் எப்படி ஃபவுல் ஆகாமல் இருக்கும்?

டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' இருந்தால் அதை உடனே போடுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை அது நிறுத்திவிடும், தாமதம் நன்றாகக் குறையும். மிச்சம் இருக்கும் தாமதத்துக்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். பலகையைப் பார்க்காமல், அதற்கு முன்னால் தரையில் ஏதாவது ஒரு கோட்டையோ நிழலையோ குறித்துக்கொண்டு அங்கே அழுத்துங்கள். அப்புறம் இன்னொன்று, கடைசி இரண்டு எட்டில் தட்டுவதை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான கேம்களில் வேகம் சட்டென்று விழாது. முதல் வாய்ப்பிலேயே முழு வேகமும் வேண்டாம். ஃபவுல் இல்லாத ஒரு தாண்டல் கையில் இருந்தால் அடுத்த இரண்டிலும் துணிந்து ஓடலாம்.

எழும்பும் கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டனை அழுத்திப் பிடிக்கும் நேரத்தை வைத்துக் கோணத்தை முடிவு செய்கிற முறையும் அந்த 1983 கேமிலேயே இருந்தது. நிஜத்தில் நீளம் தாண்டுபவர்கள் சுமார் 20 டிகிரியில்தான் எழும்புகிறார்கள், ஏனென்றால் அந்த ஓட்டத்தோடு அதற்கு மேல் எழும்ப உடம்பு விடாது. கேமுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் பல கேம்களில் 40 டிகிரிக்கு மேலே போனால்தான் தூரம் கிடைக்கும். விளையாட்டு தெரிந்தவர்கள்கூட இதில் ஏமாந்துபோவது உண்டு.

சம்மட்டிக்கு ஒரே வழி, சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவது. குண்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் துரத்தினால் எப்போதும் பிந்தித்தான் விடுவோம். வலது வலையில் போய் விழுகிறதா இடதிலா என்று மட்டும் பார்த்து, அதற்கேற்ப எண்ணிக்கையில் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விடுங்கள்.

சரி, கட்டைவிரல் வலி. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1998-இல் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த 'மாரியோ பார்ட்டி'யில் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்றும் போட்டிகள் இருந்தன. குழந்தைகள் உள்ளங்கையை வைத்துச் சுழற்றி, கை கொப்பளித்துப் புகார் எழுந்தது. 2000-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட்ட பிறகு, நிறுவனம் பாதுகாப்புக் கையுறை தர ஒப்புக்கொண்டது. எனவே வலித்தால் நிறுத்துங்கள். 1500 மீட்டரை அன்று ஓட வேண்டாம். தட்டுவதற்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டே இருக்கலாம் என்ற தேர்வு உங்கள் கேமின் செட்டிங்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். தடகளம் அல்லாத பெரிய கேம்கள் பலவற்றில் அந்த வசதி வந்துவிட்டது. தட்டுவதே முழு ஆட்டமாக இருக்கும் இந்த வகை கேமுக்குத்தான் அது எல்லாவற்றையும்விட முதலில் வந்திருக்க வேண்டும், இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வேறு வழி இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். 'லண்டன் 2012' கேமில் ஓட்டத்துக்கு வெறித்தனமாகத் தட்டத் தேவையில்லை, திரையில் தெரியும் அளவி குறிப்பிட்ட பகுதிக்குள் நிற்கும்படி தாளமாகத் தட்டினால் போதும். அதிகமாகத் தட்டினால் நஷ்டம்.

ஒவ்வொரு போட்டிக்கும் வேறு கன்ட்ரோல் என்று கேட்டிருந்தீர்கள். அது முழுக்க முழுக்க கேமின் குறை. நான்கு நொடி ஒரு படத்தைக் காட்டிவிட்டு ஓடு என்றால் யாராலும் முடியாது. பயிற்சிப் பகுதி இருந்தால் எல்லாப் போட்டியையும் ஒரே நாளில் தொடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு போட்டி, பதினைந்து நிமிடம். முதல் நாள் நீளம் தாண்டுதலை எடுங்கள், ஏனென்றால் அங்கே பழகிய இடது கை ஈட்டிக்கும் உயரம் தாண்டுதலுக்கும் அப்படியே உதவும். சம்மட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.