பெயரட்டை கட்டிய பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1939-ஆம் ஆண்டு, செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. பொழுது நன்றாக விடியும் முன்பே லண்டன் பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கோட்டிலும் நூலால் கட்டிய ஓர் அட்டை. அதில் பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர். தோளில் கயிறு கோத்த அட்டைப்பெட்டி; அதற்குள் நச்சுவாயு முகமூடி. கையில் சின்னப் பெட்டி. பெட்டி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் தலையணை உறையில் துணிகளைத் திணித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கே போகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. கூடப்போன ஆசிரியைகளில் பலருக்கே தெரியாது.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியவள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், அம்மாவின் புடவைத் தலைப்பை இறுகப் பற்றியிருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்திருக்கிறேன். "நாலு மணிக்கு அம்மா வந்துவிடுவாள்" என்று சொல்லித்தான் பிரிப்போம். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் எங்கள் தொழிலே நடக்காது. லண்டன் ஆசிரியைகளுக்கு அதைச் சொல்லும் வாய்ப்பு இல்லை. இந்த வரலாற்றை நான் முதன்முதலில் படித்தபோது என்னை உலுக்கியது அதுதான்.

இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில், நகரத்துப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசாங்கம் ஏன் கிராமங்களுக்கு அனுப்பியது? பயத்தால். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1937-இல் ஸ்பெயினின் கெர்னிக்கா நகரம் வானிலிருந்து விழுந்த குண்டுகளில் தரைமட்டமானதை உலகமே பார்த்தது. போர் மூண்டால் முதல் 60 நாட்களில் 6 லட்சம் பேர் குண்டுவீச்சில் மாண்டுபோவார்கள் என்று பிரிட்டனின் அதிகாரிகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுப் போர் முழுவதிலும் அங்கே குண்டுவீச்சுக்குப் பலியான பொதுமக்கள் ஏறத்தாழ 60,000 பேர். ஆனால் அது பிறகு தெரிந்த கணக்கு. 1938-இல் சர் ஜான் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு கூடி, நாட்டை மூன்றாக வகுத்தது: ஆட்களை வெளியேற்ற வேண்டிய இடங்கள், அவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டிய இடங்கள், இரண்டிலும் சேராத இடங்கள். பிள்ளைகளை அனுப்புவது பெற்றோரின் விருப்பம். ஆனால் கிராமத்தில் இருப்பவர் வீட்டில் இடமிருந்தால் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். மறுத்தால் சட்டம் பாயும்.

திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பைட் பைப்பர். குழல் ஊதி ஓர் ஊரின் பிள்ளைகளையெல்லாம் தன் பின்னால் அழைத்துப்போன ஜெர்மானியக் கதையின் மனிதன் அவன். அந்தக் கதையில் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்களா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை அது மகத்தான காரியம்; அதை மனமாரப் பாராட்டுகிறேன். மூன்று நான்கு நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாய் தந்தை துணையில்லாமல் போன பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளோடு தாயும் போகலாம். அதற்கு மேற்பட்டவர்கள் ஆசிரியரோடு தனியே. டேகன்ஹாம் பகுதிப் பிள்ளைகளைத் தேம்ஸ் நதியிலிருந்து நீராவிப் படகுகளில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். இறங்கிய இடத்தில் போதிய ஏற்பாடில்லை. வைக்கோல் பரப்பிய தரையில் சில இரவுகள் படுத்தார்கள். பிள்ளைகளிடம் தபால்தலை ஒட்டிய அஞ்சலட்டை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். போய்ச் சேர்ந்த வீட்டு விலாசத்தை அதில் எழுதிப் போட வேண்டும். அந்த அட்டை வந்து சேரும்வரை தன் மகன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு தபால்காரரின் வழியைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

இனிதான் எனக்குப் பேசக் கடினமான பகுதி.

கிராமத்து மண்டபத்தில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். நாள் முழுதும் பயணம் செய்த முகங்கள், அழுக்கான காலுறைகள், பசி. ஊர்க்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்து, தங்களுக்கு வேண்டிய பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். "நான் அந்தப் பையனை எடுத்துக்கொள்கிறேன்." பண்ணைக்காரருக்கு வேலைக்கு உதவும் உடல்வாகுள்ள பையன்கள். மற்றவர்களுக்குச் சுத்தமான உடை உடுத்திய, அழகான சிறுமிகள். அண்ணன், தம்பி, தங்கை என மூவர் கைகோத்து நின்றால் அவர்களை எடுக்க ஆள் இல்லை. "தங்கச்சி கையை விட்டுவிடாதே" என்று அம்மா சொல்லியனுப்பியிருப்பாள். பத்து வயதுப் பையன் எவ்வளவு நேரம்தான் விடாமல் இருப்பான்?

பள்ளியில் விளையாட்டு வகுப்பில் இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பிரிக்கச் சொல்வோம். கடைசிவரை யாரும் கூப்பிடாத ஒரு குழந்தை கட்டாயம் இருக்கும். செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு, எங்கோ பார்ப்பதுபோல நிற்கும். அது வெறும் கபடி. அதைப் பொறுக்க முடியாமல் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டே அந்த வழக்கத்தை என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். இங்கிலாந்தில் அந்தக் கடைசிக் குழந்தையை இருட்டிய பிறகு வீடு வீடாக அழைத்துப்போய்க் கதவு தட்டினார்கள். முதுமையடைந்த பிறகு தங்கள் கதையைச் சொன்ன பலர், குண்டுச் சத்தத்தை மறந்துவிட்டார்கள். அந்த மண்டபத்தை மறக்கவில்லை.

ஏற்றுக்கொண்டவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் அரசு தந்தது. ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். வளரும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் சோப்புக்கும் அது போதாது. அந்தப் பணத்தில், முன்பின் அறியாத குழந்தையைத் தன் பிள்ளையாகவே வளர்த்து, போர் முடிந்த பிறகும் ஆயுள் முழுவதும் கடிதம் எழுதிய பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சேரிப் பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகளின் தலையில் பேன், உடம்பில் சிரங்கு, காலில் கிழிந்த செருப்பு. தங்கள் நாட்டின் வறுமையைப் பல கிராமத்து வீடுகள் முதன்முதலாகத் தங்கள் சமையலறையில் வைத்துப் பார்த்தன.

ஆனால் அதிகப் புகார் எழுந்தது படுக்கை நனைவதைப் பற்றி. தினமும் காலையில் ஈரமான விரிப்பு. வளர்ப்பு சரியில்லை, சோம்பேறித்தனம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ரப்பர் விரிப்புகள் தருவித்தார்கள். சலவைச் செலவுக்கென்றே அரசு தனிப் படி கொடுக்க வேண்டிவந்தது. விடுதியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்பதால் எனக்கு அது புரிகிறது. பகலெல்லாம் அழாமல் சமர்த்தாக இருக்கும் குழந்தைக்குத்தான் இரவில் இப்படி ஆகும். உடம்பு அழுதுவிடும்.

சொன்னபடி குண்டுகளும் விழவில்லை. இலையுதிர் காலம் போய்க் குளிர்காலம் வந்தது. லண்டன் அமைதியாகவே இருந்தது. தாய்மார்கள் ரயிலேறிப் போய்த் தங்கள் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவந்தார்கள். 1940 ஜனவரிக்குள் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். அரசு பதறியது. ஒரு சுவரொட்டி அச்சிட்டார்கள்: மரத்தடியில் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதருகே ஹிட்லர் ஆவிபோல நின்று "அவர்களைத் திரும்பக் கூட்டிப் போ" என்று கிசுகிசுக்கிறான். பிள்ளையைத் தேடிப்போகும் தாயின் மனம் பகைவன் குரலாம்! எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சுவரொட்டியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுபக்கத்தை நான் மறைக்கவில்லை. 1940 செப்டம்பர் 7 அன்று குண்டுமழை தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அநேகமாக ஒவ்வோர் இரவும் விழுந்தது. மூன்றே நாட்களில், செப்டம்பர் 10 அதிகாலையில், லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் ஒரு பள்ளிக் கட்டடத்தின்மீது குண்டு விழுந்தது. வீடிழந்த குடும்பங்கள் அங்கே தங்கி, தங்களை வெளியூருக்கு அழைத்துப்போக வரவேண்டிய பஸ்களுக்காகக் காத்திருந்தார்கள். பஸ்கள் வரவில்லை. இறந்தவர்கள் இத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணிக்கையை அந்த வட்டாரத்து மக்கள் ஏற்கவே இல்லை. பிள்ளையைத் திரும்ப அழைத்துவந்து, பிறகு இழந்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தூரமே பாதுகாப்பு என்று நம்பிக் கடல்கடந்து அனுப்பியவர்களும் இருந்தார்கள். லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்ட கப்பலின் பெயர் 'சிட்டி ஆஃப் பனாரஸ்', நம் காசியின் பெயர். அரசுத் திட்டத்தில் 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 1940 செப்டம்பர் 17 இரவு அட்லாண்டிக் நடுவில் ஜெர்மானிய நீர்மூழ்கி அதைத் தாக்கி மூழ்கடித்தது. 77 குழந்தைகள் இறந்தார்கள். ஓர் உயிர்காப்புப் படகு எட்டு நாட்கள் கடலில் மிதந்தது. அதில் ஆறு சிறுவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்த மேரி கார்னிஷ் என்ற இசை ஆசிரியை, முப்பதுக்கும் மேற்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். ஆசிரியை சிறுவர்களின் கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றியபடி எட்டு நாட்களும் கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 13 அன்று பிபிசி வானொலியில், வீட்டைப் பிரிந்த குழந்தைகளுக்காக ஒரு சிறுமி பேசினார். பதினான்கு வயது இளவரசி எலிசபெத். அதுவே அவருடைய முதல் வானொலி உரை. அன்பானவர்களை விட்டுப் பிரிந்திருப்பது எப்படியென்று எங்களுக்கும் தெரியும் என்றார். முடிவில் தங்கை மார்கரெட்டையும் அழைத்து, இருவரும் சேர்ந்து இரவு வணக்கம் சொன்னார்கள்.

நம் ஊரிலும் இதன் நிழல் விழுந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, மறுநாள் விசாகப்பட்டினத்தை. சென்னை காலியானது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. என் பாட்டி அதை 'எவாக்குவேஷன்' என்றே கடைசிவரை சொல்வாள். திருவல்லிக்கேணி வீட்டைப் பூட்டிவிட்டு, நான்கு பிள்ளைகளோடு கும்பகோணத்துப் பக்கத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தாள். என் அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. அந்த ஓராண்டைப் பற்றி அம்மா சொன்னதெல்லாம் வாய்க்காலில் குளித்ததும் மாமா வீட்டுக் கன்றுக்குட்டியும்தான். பயந்ததாக ஒரு வார்த்தை இல்லை. இடம் மாறியதே தவிர, படுக்கையில் பக்கத்தில் அம்மா இருந்தாள். போக்கிடம் இல்லாத ஏழைகள் சென்னையிலேயே கிடந்தார்கள் என்பதையும் பாட்டி சேர்த்தே சொல்வாள்.

இங்கிலாந்தில் இதைச் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். ஜான் பௌல்பி, டொனால்ட் வின்னிகாட், எமானுவேல் மில்லர் மூவரும் 1939 டிசம்பரிலேயே, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது பெருந்தீங்கு செய்யும் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குக் கடிதம் எழுதினார்கள். லண்டனின் ஹேம்ப்ஸ்டெட் பகுதியில், குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த ஆன்னா ஃப்ராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் போர்க்காலக் குழந்தைகள் இல்லம் நடத்தினார்கள். இடிபாடுகளை நேரில் பார்த்த குழந்தைகூட அம்மா அருகில் இருந்தால் தாங்கிக்கொள்கிறது. பிரிவைத்தான் தாங்கவில்லை என்று நாள்தோறும் குறித்துவைத்தார்கள்.

அங்கே மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். அழாமல் சமர்த்தாக இருந்தால்தான் அம்மா பார்க்க வருவாள் என்று சொல்லியிருந்தார்கள். அவன் அழவில்லை. யாராவது அவனைப் பார்த்தால் தலையை ஆட்டிக்கொண்டு, "அம்மா வருவாள், எனக்குக் கோட்டு மாட்டிவிடுவாள், வீட்டுக்குக் கூட்டிப்போவாள்" என்பான். நாளாக நாளாகப் பட்டியல் நீண்டது. கோட்டு மாட்டுவாள், காலுறை போடுவாள், ஜிப்பை இழுத்துவிடுவாள், குல்லாய் வைப்பாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன யாரோ, "சொன்னதையே சொல்லாதே" என்றுவிட்டார்கள். சமர்த்துப் பிள்ளை அல்லவா, பேச்சை நிறுத்திவிட்டான். மற்றக் குழந்தைகள் விளையாடும்போது மூலையில் நின்று, கோட்டு மாட்டுவதுபோல, ஜிப்பை இழுப்பதுபோல, குல்லாய் வைப்பதுபோலக் கைகளை மட்டும் அசைத்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அந்த இல்லத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற இளைஞர் சேர்ந்திருந்தார். அங்கே கற்றது அவரை விடவில்லை. போர் முடிந்த பின் மருத்துவமனைகளுக்குப் போனார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே பெற்றோரை உள்ளே விட்ட வார்டுகள் அந்நாட்டில் இருந்தன. "குழந்தைகள் அமைதியாகத்தானே இருக்கிறார்கள்" என்ற மருத்துவர்களுக்கு, அந்த அமைதி எது என்று காட்ட, 1952-இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாட்களைப் படமாக எடுத்துப் போட்டுக் காட்டினார். பலர் கோபித்தார்கள். 1959-இல், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று அந்த நாட்டு மருத்துவமனைகளில், குழந்தையின் கட்டிலை ஒட்டி, அம்மா படுத்துக்கொள்ள ஒரு மடக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.