பழைய தெருவில் புதிய கட்டடம்: எதைப் பார்த்து வரைவது?

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரியும் இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிரான்சின் நீம் நகரம். ஒருபக்கம் மேஸோன் கரே, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையான ரோமானியக் கோயில். எதிரே பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1993இல் திறக்கப்பட்ட கரே தார். நூலகமும் கலைக்கூடமும் சேர்ந்த கண்ணாடிக் கட்டடம். கோயிலின் பூவேலை, தூண்தலைப்பு எதையும் அது நகலெடுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சதுக்கத்தில் அந்நியமாகத் தெரியவில்லை.

உயரத்தில்தான் சூட்சுமம். மொத்தம் ஒன்பது தளங்கள். பாதியைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கூரை அக்கம்பக்கத்துக் கட்டடங்களை மீறி எழவில்லை. முன்னால் நிற்கும் மெலிந்த தூண்கள், எதிரே உள்ள கோயில் தூண்களோடு ஜோடி சேர்கின்றன. அதே இடத்தில் முன்பு இருந்த நாடக அரங்கு 1952இல் எரிந்துபோனது. மிஞ்சிய தூண்வரிசையைக்கூட வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள்!

பழைய தெருவில் கட்டுகிறோம் என்றதும் பலருக்கு அலங்காரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிமென்டில் வார்த்த வளைவு, ஒட்டவைத்த தூண். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பழைய சின்னங்களில் தவிர்க்க முடியாமல் சேர்க்கும் புதுவேலை தன் காலத்து முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது, நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். சீரமைப்புக்குச் சொன்னதுதான், பக்கத்து மனையில் எழும் புதிய வீட்டுக்கும் அந்த நேர்மை வேண்டும் என்பேன்.

அலங்காரத்தை விடுங்கள், மனையின் அகலத்தைப் பாருங்கள். ஆறு ஆறு மீட்டராக வீடுகள் நிற்கும் தெருவில் நான்கு மனைகளைச் சேர்த்து ஒரே சுவர் எழுப்பினால், எவ்வளவு அழகான கல் பதித்தாலும் தெருவின் தாளம் தப்பிவிடும். நடந்து வருபவருக்கு ஆறு மீட்டருக்கு ஒரு வாசல் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று 24 மீட்டருக்கு வெறும் சுவர். அதே முகப்பை நான்காகப் பிரித்து, நான்கிலும் வாசல் வைத்து வரைந்து பாருங்கள்.

பிறகு ஜன்னல். பழைய சுவர் தடிமனானது. ஜன்னல் அதற்குள் உள்ளடங்கி இருப்பதால் வெயில் ஏற ஏற நிழல் அதன் விளிம்பில் நகர்ந்துகொண்டே இருக்கும். புதிய சுவரில் கண்ணாடியை வெளிப்பரப்போடு சமமாகப் பதித்தால் முகப்பு காகிதம்போலத் தட்டையாகிவிடுகிறது. ஒரு சாண் உள்ளே தள்ளினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

தயவுசெய்து கார் நிறுத்துவதற்காக முகப்பைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். வரிசையாக நிற்கும் வீடுகளுக்கு நடுவே பல் விழுந்த இடம்போல ஆகிவிடும். வண்டி வழியைப் பக்கச் சந்திலிருந்தோ பின்புறத்திலிருந்தோ எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கூரைச் சரிவைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.