பழைய கண் சிகிச்சையும் புதிய கல்லீரல் கட்டியும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

எழுபது வயதைக் கடந்த ஒருவர் பசியில்லை என்றும், வலப்பக்க விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றும் சொன்னால், வயதானால் அப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுவது உண்டு. பிறகு எடுக்கும் ஸ்கேனில் கல்லீரலில் சிறிதும் பெரிதுமாகக் கட்டிகள் தெரியும்போதுதான், அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழுகிறது. குடல், கணையம், நுரையீரல் போன்ற உறுப்புகளிலிருந்து பரவும் புற்றுநோயே அதிகம் என்பதால் தேடல் அங்கே தொடங்குவது முறையே. அங்கெல்லாம் எதுவும் அகப்படாதபோது, நோயாளியின் ஒரு கண் செயற்கைக் கண்ணா என்று பார்க்கும்படி மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிப்பது நெடுநாள் வழக்கம்.

விழிக்குள் நிறமி அணுக்களில் தோன்றும் யுவியல் மெலனோமா, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகவே வரும் அரிய புற்றுநோய்; அதற்காகச் சிலருக்குக் கண்ணையே எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைப்பதுண்டு. ஆனாலும் அது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, கண்ணுக்கு நல்ல சிகிச்சை நடந்த பின்னும், நோய் இரத்தத்தின் வழியே வேறு உறுப்புக்குப் பரவுகிறது. அவ்வாறு பரவியவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலே இலக்காகிறது. அந்த இடைவெளி சிலருக்கு 10 அல்லது 20 ஆண்டுகளாகக்கூட இருக்கும். அதற்குள் பழைய மருத்துவக் குறிப்புகள் தொலைந்திருக்கும். பிள்ளைகளோ "அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது" என்று உறுதியாகச் சொல்வார்கள். கண்ணை எடுக்காமல், கதிர்வீச்சு தரும் சிறு தகட்டைக் கண்ணில் சில நாள் பொருத்திக் குணப்படுத்தியிருந்தால் முகத்தைப் பார்த்தும் எதுவும் தெரியாது. ஆகவே, எப்போதாவது கண்ணுக்குள் கட்டி என்று யாராவது சொன்னார்களா என்று பெரியவரிடமே, அவசரப்படாமல், நேராகக் கேட்க வேண்டும். எந்த ஸ்கேனையும்விட இந்தக் கேள்வியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த விடை, ஊசி வழியே எடுத்த திசுவோடு நோயியல் மருத்துவரின் மேசைக்கும் போய்ச் சேர வேண்டும். மெலனோமா நுண்ணோக்கியில் பல வேறு புற்றுநோய்களைப் போலத் தோற்றம் காட்டும். கரிய நிறமி சில கட்டிகளில் இருப்பதே இல்லை. நூலிழை போன்ற அந்தத் துணுக்கில் எத்தனை சோதனைகளையும் செய்துவிட முடியாது. "முன்பு கண்ணில் கட்டி" என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் இருந்தால், அந்த மருத்துவர், மெலனோமாவுக்குரிய புரதங்களைத் தேடும் எஸ்-100, ஹெச்எம்பி-45, மெலன்-ஏ ஆகிய சோதனைகளை முதலிலேயே செய்வார். தோலில் தோன்றும் மெலனோமாவும் இச்சோதனைகளில் இதேபோலத்தான் தெரியும் என்பதால், அடுத்து மரபணுவைப் பார்க்கிறார்கள்: கண்ணிலிருந்து வந்ததானால் பெரும்பாலும் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணுவில் மாற்றம் இருக்கும், தோல் மெலனோமாவில் பலருக்குக் காணப்படும் பிராஃப் என்ற மரபணுவின் மாற்றம் இதில் மிக அரிது.

இந்த வயதில் இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தோல் மெலனோமாவுக்கு நன்கு பயன்படும் மருந்துகள் பல இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்தோ இந்நோய்க்கென்றே வந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் அணுக்களை அடையாளம் காண உதவும் ஹெச்எல்ஏ புரதத்தில் குறிப்பிட்ட ஒரு வகை உடையவர்களுக்கே அது பொருந்தும்; அந்த வகை உண்டா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அச்சிகிச்சையைப் பெரியவர் தாங்குவாரா என்பதை அவருடைய நடமாட்டத்தையும், இதயம், கல்லீரல் ஆகியவற்றின் நிலையையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும். பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து அல்ல. வேண்டுமா, வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். அதற்கு நோயின் பெயர் முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.