சுல்தான் கொண்டுபோன அறிஞர்

அவையோருக்கு வணக்கம்.

கஜினி முகமது என்றதும் நமக்கு 17 படையெடுப்புகள் ஞாபகத்துக்கு வரும். தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஜெயித்தவர் என்று அவரை விடாமுயற்சிக்கு உதாரணமாக வேறு ஆக்கிவைத்திருக்கிறோம். உண்மையில் அவர் பெரும்பாலும் ஜெயித்தவர்தான். அது கிடக்கட்டும். நான் பேச வந்தது, அவர் பிடித்துக்கொண்டு போன ஒரு மனிதரைப் பற்றி.

1017-இல் குவாரசம் நாடு முகமதுவின் கைக்கு வந்தது. மத்திய ஆசியாவில், அமு தாரியா ஆற்றங்கரை நாடு அது. அங்கிருந்து, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள அவருடைய தலைநகர் கஜினிக்குக் கொண்டுபோகப்பட்ட அறிஞர்களில் ஒருவர் அல்-பீரூனி. பிறந்தது 973, ஆக அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். சாதாரண ஆளல்ல. இருபத்துச் சொச்சம் வயதிலேயே, 997-இல், ஒரு சந்திர கிரகணத்தைக் குவாரசத்தின் காத் நகரத்தில் இவரும் பாக்தாத்தில் அபுல் வஃபா என்ற வானியலாளரும் பார்த்து நேரத்தைக் குறித்தார்கள். இரண்டு ஊர்களின் நேர வித்தியாசத்திலிருந்து தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள்.

சுல்தானின் படை இந்தியாவுக்குள் போகிறது; இவர் அங்கே சமஸ்கிருதம் படிக்க உட்காருகிறார். எவ்வளவு கஷ்டம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல பொருள். அரபு பேசிய நாக்குக்கு வராத ஒலிகள். ஏடு பெயர்த்து எழுதுகிறவர்களின் அலட்சியம். இதெல்லாம் போதாதென்று, கணிதமானாலும் வானியலானாலும் எல்லாமே செய்யுள்! மனப்பாடத்துக்கு வசதிதான், ஆனால் சந்தத்துக்காக இட்டு நிரப்பிய சொல் எது, விஷயத்தைச் சொல்ல வந்த சொல் எது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முதலில் வானியல் பண்டிதர்களிடம் மாணவனைப் போல நின்றாராம். கொஞ்சம் பிடிபட்டதும், காரண காரியத்தோடு கணக்கை விளக்கிக் காட்டினார். அவர்கள் சூழ்ந்துகொண்டு, 'எந்தக் குருவிடம் படித்தீர்?' என்று கேட்டார்கள். மந்திரவாதியோ என்றுகூடச் சந்தேகம். தங்கள் பெரியவர்களிடம் இவரைக் 'கடல்' என்றார்கள். காடியே இனிக்கும் அளவுக்குப் புளித்த நீர் என்றும் சொன்னார்கள். பாராட்டா, கிண்டலா? இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அவரும் சும்மா இருக்கவில்லை. தங்கள் நாட்டை விட்டால் நாடில்லை, தங்கள் அறிவை விட்டால் அறிவில்லை என்று நினைக்கிறார்கள் என எழுதிவைத்தார். கையோடு, இவர்களின் முன்னோர் இப்படிக் குறுகிய மனம் படைத்தவர்கள் அல்ல என்றும் சேர்த்தார். கிரேக்கர்களின் விஞ்ஞானத்துக்காக அவர்களை மதிக்க வேண்டும் என்று சொன்ன பழைய இந்திய வானியலாளர் வராகமிகிரரை அதற்குச் சாட்சியாக அழைத்தார்.

இன்றைய பாகிஸ்தானில், உப்பு மலைத்தொடரில் நந்தனா கோட்டை இருக்கிறது. அங்கே ஒரு குன்றின் உயரத்தை அளந்தார். சுமார் 652 முழம். உச்சியில் நின்று, தொடுவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இறங்கித் தெரிகிறது என்று பார்த்தார். அரை பாகைக்குச் சற்று அதிகம், 34 கலை (அறுபது கலை ஒரு பாகை). இந்த இரண்டே எண்களிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அதற்கு முன் பாக்தாத் வானியலாளர்கள் இதே வேலைக்குப் பாலைவனத்தில் ஆட்களை வெகுதூரம் நடக்கவிட்டு அளக்க வேண்டியிருந்தது.

ஆனால் என்னை அவரிடம் இழுப்பது இந்தக் கணக்கு அல்ல, அவர் இந்தியாவைப் பற்றி எழுதிய நூல். இது வாதம் செய்து மறுக்கும் நூல் அல்ல, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்வதாகவே வைக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். யாரைப் பற்றி? தன் சுல்தான் படையெடுத்துச் சூறையாடிய மக்களைப் பற்றி! அதிலேயே, முகமது அந்த நாட்டின் வளத்தை அடியோடு நாசமாக்கினார், மக்கள் தூசியாகச் சிதறினார்கள், அங்கே அறிவுத் துறைகள் நம் கை எட்டாத இடங்களுக்கு ஓடிவிட்டன என்றும் எழுதுகிறார். இறந்த சுல்தானுக்கு ஆசி சொல்லும் சம்பிரதாய வரியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆமாம், இறந்த சுல்தான். முகமது 1030 ஏப்ரலில் கண்ணை மூடினார்; நூல் அதே ஆண்டில் எழுதப்பட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கிரகணம் பற்றிய அத்தியாயத்துக்கு வாருங்கள். கிரகணம் நிழலால் வருகிறது என்று ஏழாம் நூற்றாண்டு இந்திய வானியலாளர் பிரம்மகுப்தருக்கு நன்றாகத் தெரியும். கணக்கும் அதை வைத்துத்தான் போடுகிறார். ஆனால் தன் நூலின் முற்பகுதியில், ராகுவின் தலைதான் காரணம், வேதமும் மனுவும் அப்படித்தான் சொல்கின்றன என்கிறார். அல்-பீரூனிக்குக் கோபம் வருகிறது. தெரிந்தே இப்படிச் சொல்லலாமா என்று விளாசுகிறார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, சாக்ரடீசுக்கு நேர்ந்ததைப் போன்ற ஆபத்து ஏதோ இவருக்கும் வந்திருக்க வேண்டும், அதனால்தான் மனசாட்சிக்கு விரோதமாக எழுதினார் என்று நினைக்கிறேன் என்கிறார்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய, வேறு மதத்து, வேறு மொழிக்காரர் ஒருவரின் பயத்தை அவரால் எப்படி ஊகிக்க முடிந்தது? கஜினி அரசவையில் பதின்மூன்று வருஷம் முகமதுவின் கீழ் இருந்தவர் அல்லவா!