செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

(செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் விளக்கேற்றும் விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தாளாளர் அய்யா அவர்களே, தொகுதியில் எத்தனையோ வேலை இருக்க எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ரோட்டரி சங்கத்து நண்பர்களே, பீடித் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்திருக்கும் தோழர் அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே! இந்த முதல்வர் என்னிடம் படித்த பிள்ளை. இன்றைக்கு மேடையில் நான் அவரை அம்மா என்று கூப்பிடுகிறேன். ஒரு டியூட்டருக்கு இதைவிட என்ன பென்ஷன் வேண்டும்? பெற்றோர்களே, வெள்ளைச் சீருடையில் கையில் விளக்கோடு நிற்கிற மாணவ மாணவியரே, யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. இந்த மேடையில் உள்ள பொன்னாடைகளைச் சேர்த்தால் ஒரு கடையே வைக்கலாம். தாளாளர் அய்யாவிடம் உரிமையோடு கேட்கிறேன், அடுத்த வருஷம் அந்தப் பணத்துக்குப் பெரிய அளவு பி.பி. கஃப் வாங்கிக் கொடுங்கள். பருத்த கையில் சின்னக் கஃபைச் சுற்றினால் இல்லாத ரத்தக் கொதிப்பு இருப்பதாகக் காட்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த மனுஷியை உட்கார வைத்து, ஐந்து நிமிஷம் ஆசுவாசம் கொடுக்காமல், "மருமக எப்படி இருக்கா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பம்ப் அடித்தால் அந்த அளவும் கூடித்தான் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் தேவையில்லாத மாத்திரைச் சீட்டு.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இதய நோயும் ரத்தக்குழாய் நோயும் உள்ள பெரியவர்களைப் பராமரிக்கச் செவிலியர்களைப் பயிற்றுவிப்பது. மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, நெஞ்சுவலியோடு வருபவரின் முதல் பத்து நிமிஷம். இரண்டு, ரத்தக்குழாய். மூன்று, நம் செவிலியரின் பணிச்சுமை. மூன்றுக்கும் பொதுவாக நான் வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் எனக்கே பட்டப்பெயராக வைத்துவிட்ட பழமொழி ஒன்று உண்டு. முதல்வர் அம்மா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். சித்திரமும் கைப்பழக்கம்!

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் தொடங்கினார். அவ்வளவு பழைய படிப்பு நம் படிப்பு. துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருஷம், பொதுச் செவிலியர் படிப்பான ஜி.என்.எம். மூன்று வருஷம். அதில் எத்தனை மணி நேரம் நோட்டில் போகிறது, எத்தனை மணி நேரம் நோயாளியின் மேல் கை படுகிறது என்பதுதான் என் கேள்வி.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். பத்து வயர். எல்லோருக்கும் படம் வரையத் தெரியும், கலர் பென்சிலால் அழகாக வரைவீர்கள். உயிருள்ள நெஞ்சில் நான்காவது விலா இடைவெளியைத் தொட்டு எண்ணச் சொன்னால் விரல் நடுங்கும். நோயாளி பெண் என்றால் சேலையை விலக்கச் சொல்லக் கூச்சப்பட்டு வயரை எங்கேயோ ஒட்டிவிட்டு வருவீர்கள். வலது கை வயரும் இடது கை வயரும் மாறிப்போனால் இதயமே வலது பக்கம் இருக்கிற மாதிரி காகிதத்தில் வரும், டாக்டர் உங்களைத் தேடுவார். சித்திரமும் கைப்பழக்கம்!

நம் ஊரில் நெஞ்சுவலிக்குப் பெயர் 'கேஸ்'. சோடா குடித்துவிட்டு, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, விடியட்டும் என்று படுப்பார்கள். பெண்களுக்குப் பல சமயம் நெஞ்சு வலிக்கவே வலிக்காது. குப்பென்று வியர்க்கும், தாடை இழுக்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும். சர்க்கரைக்காரர்களுக்கும் அப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் துணை சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற நீங்கள். 2023-ல் அரசு 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டுவந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் முதல் வேளை மருந்தை வைத்திருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு, ஆக 14 மாத்திரை. ஆஸ்பிரின் என்றால் தலைவலி மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள். 1988-ல் வெளிவந்த ஐசிஸ்-2 என்ற மருத்துவ ஆய்வில் மாரடைப்பு வந்த பதினேழாயிரம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஒரு மாத்திரையே மாரடைப்புச் சாவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. மாத்திரையைக் கொடுத்து, டாக்டருக்கு போன் போட்டு, 108-ஐ வரவழைத்து, ஏறுகிறவரை கூடவே நிற்பது செவிலியர் வேலை. இதில் சொல்ல நிறைய இருக்கிறது. சுகாதார அலுவலர் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார், அவருக்கு விட்டுவிடுகிறேன்.

நான் கால் பற்றிப் பேச வந்தவள்.

ஆமாம், கால். இதய வகுப்பில் கால் எங்கே வந்தது என்று பார்க்கிறீர்கள். ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் அண்ணாச்சி ஒருவர். தினமும் சாயங்காலம் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடப்பார். ஆனால் நேராகப் போக மாட்டார். டீக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், டீ குடிக்க மாட்டார். நகைக்கடை வாசலில் நின்று நெக்லஸைப் பார்ப்பார், உள்ளே போக மாட்டார். அடுத்து தையல் கடை. ஊர் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி உளவு பாக்காரு" என்றார்கள். தையல் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள்; அதனால் வேறு மாதிரியும் பேசினார்கள். பேச்சு வீட்டுக்கார அம்மா காதுக்குப் போனது. அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "ஏழு கழுதை வயசாச்சி, தையக்கடை வாசல்ல ஒமக்கு என்ன சோலி?" என்று கேட்டாராம். (சிரிப்பு) அண்ணாச்சி, "வாயுப் பிடிப்புளா, கெண்டைக்கால் இறுக்குது, நின்னா விட்டுருது" என்றிருக்கிறார். யார் நம்புவார்கள்? வாயு எல்லாக் கடையையும் விட்டுவிட்டுத் தையல் கடை வாசலிலா பிடிக்கும்?

ஊருக்குத் தைலம் விற்க வந்தவன் ஒரு பாட்டில் கொடுத்தான், பலன் இல்லை. மருத்துவமனை ஒன்றில் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் என்றார்கள். வேட்டியை உயர்த்திப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

அந்தத் தெருவுக்கு நம் இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருத்தி சமுதாயப் பயிற்சிக்குப் போனாள். ஃபேமிலி ஃபோல்டர், அதாவது குடும்ப நல விவரக் கோப்பு எழுத வீடு வீடாகப் போகும் வேலை. எல்லாம் எழுதிவிட்டு, "தாத்தா, காலைக் காட்டுங்க" என்று குனிந்து பாதத்தைத் தொட்டாள். அண்ணாச்சி பதறிப்போய் அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு தாயி, சீக்கிரம் நல்ல இடத்துல கல்யாணம் ஆவட்டும்" என்று ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்துவிட்டார். (சிரிப்பு, கைதட்டல்) இந்தப் பிள்ளை தலையைத் தூக்காமல், "தாத்தா, ஆசீர்வாதம் அப்புறம், கொஞ்சம் பேசாம இருங்க, நாடி கிடைக்கல" என்றாளாம். அந்த அம்மா நடுங்கிவிட்டார். ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்க நாடி கிடைக்கவில்லை என்றால்?

வலது பாதத்தில் நாடி இல்லை. கணுக்கால் உட்புறத்திலும் இல்லை. கால் சில்லென்று இருந்தது, முழங்காலுக்குக் கீழே ரோமம் உதிர்ந்து பளபளப்பு, நகம் தடித்துப்போயிருந்தது. மேல் மருத்துவமனைக்கு அனுப்பினோம். கணுக்கால் பி.பி.யைக் கை பி.பி.யால் வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு, 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலின் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அண்ணாச்சிக்கு அதற்கும் வெகு கீழே. நடந்தால் கெண்டைக்காலுக்கு ரத்தம் போதாமல் வலிக்கும், நின்றால் விடும்; கடை கடையாக நின்றது அதனால்தான். ஈ.சி.ஜி. எடுத்தால் எப்போதோ வந்து சத்தமில்லாமல் போன மாரடைப்பின் தடம். இதயத்துக்குப் போகிற குழாயும் காலுக்குப் போகிற குழாயும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன? பீடியை விடச் சொன்னார்கள். ஆஸ்பிரின் கொடுத்தார்கள், கொழுப்பு மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: நட, வலித்தால் நில், வலி போனதும் மறுபடி நட. ஆக, நகைக்கடை வாசலில் நிற்பதற்கு அண்ணாச்சிக்கு டாக்டர் சீட்டே கிடைத்துவிட்டது!

தோழர் இருக்கும் மேடையில் பீடி பற்றிச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் பெண்ணின் கைக்குச் சோறு போடுவது பீடி, அதே வீட்டில் ஆணின் காலை எடுப்பதும் பீடி. லியோ பர்கர் என்ற மருத்துவர் 1908-ல் விவரித்த நோய் ஒன்று, நாற்பது வயதுகூட ஆகாத புகைக்காரர்களின் விரலைக் கருக வைக்கும். புகையை அறவே விட்டால்தான் அது நிற்கும், பாதி விட்டால் நிற்காது. மாற்றுத் தொழில் பற்றித் தோழரோடு தனியாகப் பேச எனக்கு ஆசை.

சர்க்கரைக்காரர்களின் காலை இன்னும் கவனியுங்கள். உணர்ச்சி செத்துப்போனால் அடைப்பு இருந்தும் வலி தெரியாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துச் சொன்னதே அதுதான்: வலிக்காத கால்தான் புண்ணாகிப் போகும். தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களும் போடுகிறார்கள். அரசும் 'பாதம் பாதுகாப்போம்' என்று திட்டம் வைத்திருக்கிறது. திட்டம் காகிதத்தில் நடக்காது, உங்கள் இரண்டு விரலில் நடக்க வேண்டும்.

எங்கே தொடுவது? பெருவிரலை நிமிர்த்தச் சொன்னால் ஒரு நரம்பு மாதிரி தசைநார் எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், பாதத்தின் மேல். அழுத்தாதீர்கள், அழுத்தினால் உங்கள் விரலின் துடிப்பே உங்களை ஏமாற்றும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் நாடி தென்படாது. பயப்படாமல் உள் கணுக்காலுக்குப் பின்னால் பாருங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். நூறு நல்ல காலைத் தொட்டவருக்குத்தான் கெட்ட கால் பிடிபடும். சித்திரமும் கைப்பழக்கம், சொன்னேனா இல்லையா?

அதனால் மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் நேராகவே கேட்கிறேன். செய்முறைத் தேர்வில் பாத நாடி பார்க்காத மாணவிக்கு மதிப்பெண் இல்லை என்று முதல்வர் அம்மா இந்தப் பருவத்திலேயே வைக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் தொகுதி நிதியிலிருந்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவி ஒன்று வாங்கித் தர வேண்டும். நல்ல செல்போன் ஒன்றின் விலைக்குள் அது அடங்கிவிடும். தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்) ரோட்டரி நண்பர்கள் பெரிதாக ஒன்றும் வேண்டாம், புறநோயாளி அறையில் நோயாளி கால் வைக்க முக்காலி செய்து கொடுங்கள். முக்காலி இல்லாததால்தான் யாரும் குனிவதில்லை.

மூன்றாவதாகப் பணிச்சுமை. இரவு ஷிஃப்டில் ஒரு பிள்ளை எத்தனை படுக்கை பார்க்கிறாள், தொகுப்பூதியத்தில் எத்தனை வருஷம்... சரி, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. சட்டமன்ற உறுப்பினர் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். அதை இன்னொரு மேடையில் நிச்சயம் பேசுவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே வளாகத்தில் கால் பரிசோதனை இருக்கிறது. வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டாம் வருஷ மாணவிகள் வாசலிலேயே பெயர் எழுதிக்கொள்வார்கள். விளக்கேற்றி முடிந்ததும் கலைந்துவிடாமல் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.